தேற்றாத்தீவில் தெளிந்த தண்ணீர்

கோயிலில் சந்தனம் அரைக்கும் சத்தம் கேட்டால் மற்றவர்களுக்குப் பக்தி வரும். எனக்கு மீன் ஞாபகம் வரும். கல்லில் கட்டை உரசும் அந்தச் சர்க் சர்க், ஈரக் கல்லின் வாசம், ஐயரின் வளைந்த முதுகு. நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்பேன். மூடிய கண்ணுக்குள் இரண்டு ஏஞ்சல் மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். (பக்கத்தில் நிற்கிறவர்கள், "பாவம், புருசன் கட்டாரில, அதுதான் உருகிறா" என்று நினைத்திருப்பார்கள். பாதி சரி.)

தண்ணீரைப் பற்றி நான் எழுதாத வரி இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் நடந்தால் ஆறு. (வாவியை எங்கள் ஊரில் யாரும் வாவி என்று சொல்வதில்லை. ஆறு என்றுதான் சொல்வோம். வாவி என்பது என்னைப்போல எழுதுகிறவர்கள் பாவிக்கிற சொல்.) முன்னால் மெயின் ரோட்டைக் கடந்தால் கடல். இரண்டு தண்ணீருக்கும் நடுவில் பிறந்து, இரண்டுக்கும் மாறி மாறி நடந்து, ஓரிடத்தில் இருக்கத் தெரியாத காலோடு வளர்ந்தவள் நான். அந்தி வெயில் ஆற்றில் விழுவதை எத்தனையோ விதமாக எழுதி, அதில் சிலதைப் பத்திரிகைகள் இரக்கப்பட்டுப் போட்டும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒருத்திக்கு, முன்ஹோலில் மேசைமேல் இருந்த ஒரு கண்ணாடிப் பெட்டித் தண்ணீரைச் சமாளிக்கத் தெரியவில்லை.

அந்தப் பெட்டி என் கணவருடையது. அவர் கட்டாரில் பார லொறி ஓட்டுகிறார். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். ஒருமுறை லீவில் வந்தபோது வீட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நான் ஒன்றும் வேண்டாம் என்றேன். (நீங்கள் போகாமல் இருந்தால் போதும் என்பதை எங்கள் பக்கத்தில் "ஒண்டும் வேணாம்" என்றுதான் சொல்வோம்.) அவருக்கு அது விளங்கவில்லை. காத்தான்குடிக்குப் போய் ஒரு மீன்தொட்டியோடு வந்து இறங்கினார். அதற்குள் கறுப்பு ஏஞ்சல் ஒன்று, வெள்ளி நிறத்தில் ஒன்று. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் டாங்க் கிளீனர் ஒன்று. கறுப்புக்குக் கறுப்பன் என்றும் வெள்ளிக்கு வெள்ளச்சி என்றும் அவரே பெயர் வைத்தார். டாங்க் கிளீனருக்குப் பெயர் வைக்கவில்லை. அதுவும் எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை.

தொட்டி வருவதற்கு முன் எங்கள் டெலிபோன் கதை இப்படி இருக்கும்.

"சாப்பிட்டியா?"

"ஓம். நீங்க?"

"ஓம். அங்க மழையா?"

"இல்ல."

அதற்குப் பிறகு இருவரும் போனைக் காதில் வைத்தபடி இருப்போம். என் வீட்டு மின்விசிறியும் அவருடைய அறை ஏசியும் எங்களைவிட நன்றாகப் பறைந்துகொண்டிருக்கும். நெஞ்சுக்குள் ஆயிரம் வரி கிடக்கும். ஒன்றும் வாய்க்கு வராது. எழுதுகிறவளுக்கு வாய் திறக்காது, லொறி ஓட்டுகிறவருக்கு எழுத வராது. நல்ல சோடி.

தொட்டி வந்தபின் எல்லாம் மாறிற்று. வீடியோ கோல் எடுத்தவுடன், "மீனக் காட்டு புள்ள" என்பார். நான் போனைத் திருப்பித் தொட்டிக்குக் கிட்டப் பிடிப்பேன். கறுப்பன் ஏன் இன்றைக்குக் கோபமாக இருக்கிறான், வெள்ளச்சி ஏன் கல்லுக்குப் பின்னால் போகிறாள், இருவருக்கும் சண்டையா, சண்டையென்றால் யாரில் பிழை. அரை மணித்தியாலம் போய்விடும். எங்களைப் பற்றிச் சொல்ல முடியாத எல்லாவற்றையும் அந்த இரண்டு மீனையும் பற்றிச் சொன்னோம். எப்போதாவது, "உன்னையும் ஒருக்காக் காட்டன்" என்பார். "தல இழுக்கல்ல" என்று சீவாத முடியைச் சாட்டாக்கி, போனை மறுகாவும் மீன் பக்கம் பிடிப்பேன். கொஞ்ச மாதத்தில் அவர் அதைக் கேட்பதை விட்டுவிட்டார். எனக்கு அந்த மீன்களில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். ஆனால் எரிச்சலைவிடப் பயம் பெரிது. மீன் செத்தால் எங்கள் கதையும் செத்துப்போகும். திரும்பவும் சாப்பிட்டியா, ஓம், மழையா, இல்ல.

அந்தப் பயத்தில் நான் செய்த முதல் காரியம், மீனுக்குத் தீன் போட்டது. போனை எடுக்கும்போது மீன்கள் கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் என்ன செய்வது? ஒரு சிட்டிகை போட்டால் முன்னுக்கு ஓடிவரும். துள்ளும். அவர் சிரிப்பார். அவர் இன்னொருக்காச் சிரிக்க இன்னொரு சிட்டிகை. இப்படி ஒவ்வொரு நாளும் அவருடைய சிரிப்புக்கு அளவாகப் போட்டுக்கொண்டே வந்தேன். சிரிப்புக்கு அளவிருந்தால் மீனின் வயிற்றுக்கு அளவில்லையா என்று நான் யோசிக்கவில்லை.

மிச்சத் தீன் அடியில் அழுகித் தண்ணீர் அரிசி கழுவின மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர் சொன்னார், "லீவு சரி. அடுத்த மாசம் வாறன்."

என் உடம்பெல்லாம் சந்தோசம். சந்தோசத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் செய்கிற ஒரே வேலையை நானும் செய்தேன். வீடு கழுவினேன். வீட்டோடு சேர்த்துத் தொட்டியையும். மீன்களை ஒரு வாளியில் விட்டுவிட்டு, பழைய தண்ணீர் முழுவதையும் வாழை அடியில் ஊற்றினேன். கற்களைத் தேய்த்தேன். ஃபில்டருக்குள் இருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தால் கறுத்து, வழுவழுத்து, சேற்று நாற்றம். நான்கு முறை சவுக்காரம் போட்டுக் கும்மி, பிழிந்து, கொடியில் அவருடைய பழைய சேர்ட்டுக்குப் பக்கத்தில் காயப்போட்டேன். பஞ்சு வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. (போகும்போது அவர், "அந்தப் பஞ்ச ஊத்தையெண்டு நினைக்காத, அதுலதான் உசிர் கிடக்கு" என்று சொன்னதுதான். லொறிக்காரர் வாயிலிருந்து ஒரு கவிதை வந்துவிட்டதே என்று நான் மெச்சினேன். அது கவிதை இல்லை, அறிவுறுத்தல் என்று எனக்குப் படவில்லை.) வீட்டில் கிணறு இருக்க, மருந்து போட்டு வரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பினேன். விருந்துக்கு வருகிறவருக்கு நல்ல தண்ணீர் என்ற எண்ணம்.

ஒரு நாள் பளிச்சென்று இருந்தது. அடுத்த நாள் பால் ஊற்றின மாதிரி. அதற்கடுத்த நாள் கறுப்பனைத் தேட வேண்டியிருந்தது.

வீடியோ கோலில் பொய் சொல்லத் தொடங்கினேன். கரண்ட் இல்லை. சிக்னல் இல்லை. போன் சூடாகிப்போச்சு. பொய்கள் தீர்ந்தபின், தண்ணீர் நன்றாக இருந்த காலத்தில் எடுத்த ஒரு பழைய வீடியோவைத் தேடியெடுத்து அனுப்பினேன். அடுத்த நாளும் அதையே அனுப்பினேன். அதற்கடுத்த நாளும்.

"இது இண்டைக்கு எடுத்ததா புள்ள?"

"ஓம்."

"சரி" என்றார். அந்தச் சரியில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. நான் அதில் விழாமல் தாண்டிப் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கிழமை அவருடைய தங்கச்சி திலகா கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்தாள். எனக்கு மச்சாள். வாயில் மிளகாய்த்தூள் வைத்துக்கொண்டு பிறந்தவள். செருப்பைக் கழற்றும்போதே தொட்டியைக் கண்டுவிட்டாள்.

"என்னகா மச்சாள் இது, சொதி வச்சு வச்சிருக்கிறீங்க. மீன் எப்ப போடப் போறீங்க?"

"மீன் உள்ளதான் இரிக்கு."

அவள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். வெள்ளச்சி ஒரு கணம் தெரிந்து மறைந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வரும் நாளைச் சொன்னேன். மீனைச் சொன்னேன். டெலிபோன் கதையைச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கேட்டாள்.

"இந்த ஊர்ட பேரென்ன?"

"தேற்றாத்தீவு."

"தேத்தாங்கொட்டைட பேர ஊருக்கு வச்சிக்கிட்டு, கலங்கின தண்ணிக்கு நிண்டு அழுறீங்களே. நாங்க அங்கால வெள்ளத்துக்குக் கிணறு கலங்கினா என்ன செய்யிற? குடத்துக்குள்ள ரெண்டு கொட்டைய உரசிவிடுறதுதானே."

ஊரின் பெயரிலேயே மருந்து. இதைவிட ஒரு கவிதைக்காரிக்கு என்ன வேண்டும்? தேற்றா மரத்தின் விதையை அரைத்து விட்டால் கலங்கல் அடியில் படியும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தொட்டிக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை? திலகா எங்கேயோ போய் ஒரு கடதாசிச் சரை கொட்டையோடு வந்தாள். சாமி அறையிலிருந்து சந்தனக் கல்லை எடுத்துக்கொண்டு இருவரும் பின்விறாந்தையில் குந்தினோம். சர்க் சர்க். சர்க் சர்க். ஒரு குடத்துக்கு ஒன்றிரண்டு கொட்டை என்றால் இந்தத் தொட்டிக்கு எத்தனை என்று நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை. சரை முடியும்வரை அரைத்தோம். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. அவள் தன் அண்ணன் சின்ன வயதில் வாய்க்கால் மீனைப் போத்தலில் பிடித்துப் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்த கதையைச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே அரைத்தேன். அவர் வரப்போகிறார் என்ற நினைப்பு கை முழுக்க ஏறியிருந்தது. ஒரு கிண்ணம் விழுதை அப்படியே தொட்டியில் கரைத்து ஊற்றினோம்.

காலையில் எழுந்து வந்தேன். தண்ணீர் தெளிந்திருந்தது.

தெளிவென்றால் அப்படித் தெளிவு. தொட்டிக்குள் தண்ணீரே இல்லை, மீன்கள் காற்றில் தொங்குகின்றன என்று சொல்லலாம். அடியில் ஒரு சேலைக்கரை அகலத்துக்குக் கலங்கல் படிந்து கிடந்தது. திலகா இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஊரையே கண்டுபிடித்தவள் மாதிரி நின்றாள். நான் ஓடிப்போய் அவருக்குக் கோல் எடுத்தேன். அங்கே அவர் வேலைக்குப் புறப்படுகிற நேரம்.

"பாருங்க" என்றேன். "இண்டைக்கு எடுத்ததுதான்."

அவர் பார்த்தார். கனநேரம் பார்த்தார். "நல்லாத் தெளிஞ்சிரிக்கு" என்றார். பிறகு, "ஏன் ரெண்டும் மேலயே நிக்குது?"

"உங்களப் பாக்கத்தான் வந்திரிக்கு."

அவர் சிரிக்கவில்லை. "கிட்டப் பிடி. செவுளப் பாரு. சிவந்திரிக்கா?"

பார்த்தேன். சிவந்திருந்தது. அப்போதுதான் கண்டேன், இரண்டும் வாயைத் திறந்து திறந்து மேற்பரப்பிலிருந்து காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் எவ்வளவு தெளிவோ அவ்வளவு துல்லியமாக அவற்றின் மூச்சுமுட்டல் தெரிந்தது.

"பஞ்சக் கழுவினியா?"

"கொஞ்சம்."

"சவுக்காரம் போட்டா?"

"ஓம்."

"என்ன சவுக்காரம்?"

"சந்தன வாசம்."

பிறகு அவர் சொன்னார், "சரி. வாசமாச் சாகக் குடுத்துவச்சதுகள்."

திலகா வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள். அவள் ஓடினது சிரிக்கவா அழவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் ஆறுதலாக விளக்கினார். மீனின் கழிவும் அழுகின தீனும் தண்ணீரில் நஞ்சாகிறது. அதைத் தின்கிற நல்ல கிருமிகள் அந்த ஊத்தைப் பஞ்சுக்குள்தான் குடியிருக்கின்றன. நான் சவுக்காரம் போட்டு வெயிலில் காயவைத்தது அந்தக் குடியிருப்பை முழுவதாக அழித்துவிட்டது. குழாய்த் தண்ணீரின் மருந்து மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. கொட்டை கலங்கலைத்தான் இறக்கும், நஞ்சை இறக்காது.

"இப்ப தீன் போடாத. எல்லாத் தண்ணியையும் மாத்திராத. கிணத்துத் தண்ணி ஒரு வாளி ஊத்து, ஒரு வாளி எடு. நாளைக்கும் அப்பிடித்தான். அடியில கிடக்கிறத டியூப்பால இழு. மீன்கடைக்குப் போய் அவங்கட தொட்டிக்குள்ள கிடக்கிற பழைய பஞ்சு ஒரு துண்டு கேளு."

"பழசா?"

"ஊத்தையா. நல்ல ஊத்தையாப் பாத்துக் கேளு."

அப்படித்தான் நான் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போய், பளபளக்கும் தொட்டிகளுக்கு நடுவில் நின்று, "உங்களுக்கிட்ட ஊத்தப் பஞ்சு இருந்தா ஒரு துண்டு தருவீங்களா?" என்று கேட்டேன். கடைக்காரர் தன் கடையைப் பற்றி யாரோ முறைப்பாடு சொல்லி அனுப்பியிருப்பதாக நினைத்துவிட்டார்.

"எங்கட கடையில ஊத்தை இல்ல அக்கா. தினம் சுத்தம் செய்யிற. யாரு சொன்ன ஒங்களுக்கு?"

நான் கொண்டுபோன போத்தல் தண்ணீரைக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, "மாஷா அல்லாஹ், இதக் குடிக்கலாமே" என்றார். பிறகு ஒரு சின்னக் குழாயில் எடுத்து, நஞ்சு பார்க்கிற மருந்துச் சொட்டு விட்டார். கொஞ்ச நேரத்தில் அது கடும் பச்சையாகிவிட்டது. அவருடைய முகமும் மாறியது. நேரே உள்ளே போய், ஒரு தொட்டியின் ஃபில்டரிலிருந்து கறுத்து வழியும் பஞ்சுத் துண்டு ஒன்றைப் பொலித்தீன் பையில் தண்ணீரோடு கட்டிக்கொண்டு வந்தார். "இத மட்டும் கழுவிராதீங்க" என்றார். (முகத்தில் எழுதியா ஒட்டியிருந்தது?)

பஸ்ஸில் அந்தப் பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "என்ன புள்ள, கோயில் தீர்த்தமா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு வாளி ஊற்றி ஒரு வாளி எடுத்து நாட்கள் போயின. வெள்ளச்சி கீழே இறங்கினாள். கறுப்பன் இறங்கவில்லை. அவருடைய பிளேன் ஏறுகிற நாளுக்கு முதல்நாள் பின்னேரம், கறுப்பன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தான். கறுப்பிலும் ஒரு பளபளப்பு இருந்திருக்கிறது என்பது அது போனபின்தான் தெரிந்தது. முருங்கை அடியில் புதைத்தேன். திலகா அன்றைக்கு ஒரு பகிடியும் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவருடைய கோல். இனி ஒரு நாள்தான். வந்து கண்டுகொள்ளட்டும், வழியில் மனத்தைச் சுமந்துகொண்டு வரவேண்டாம் என்று நினைத்தேன். போனை மீன் பக்கம் திருப்ப முடியாது. வேறு எங்கே திருப்ப? என் பக்கம் திருப்பினேன். தலை இழுக்கவில்லை. கையில் முருங்கை அடி மண். "மீனெல்லாம் படுத்திட்டு" என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மீனைக் கேட்கவில்லை.

அடுத்த நாள் எயார்போட்டிலிருந்து வாடகை வானில் வந்து இறங்கினார். சப்பாத்தைக் கழற்றாமலே தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். வெள்ளச்சி ஒரு சுற்றுச் சுற்றி அவருக்கு முன்னால் வந்தாள். டாங்க் கிளீனர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. (அதற்கு எல்லாக் காலமும் ஒரே காலம்.)

"கறுப்பன்..." என்று தொடங்கினேன்.

"தெரியும்."

"எப்பிடி?"

"நேத்து நீ மீனக் காட்டல்ல. உன்னக் காட்டின."

நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கக் குனிந்தபடி, எனக்கல்ல, நாடாவுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"உன்னக் காட்டெண்டா நீ காட்ட மாட்டா. மீனக் காட்டெண்டா போனக் கொண்டு கிட்ட வருவா. கண்ணாடியில உன்ட முகம் விழும். தல இழுக்காமத்தான். நான் அதப் பாத்துக்கிட்டு இருப்பன்."

"அப்ப அந்தப் பழைய வீடியோ?"

"ஒவ்வொரு நாளும் நீ ஒரே இடத்தில ஒரே மாதிரிச் சிரிச்ச. அதுலதான் பிடிச்சன்."

இத்தனை மாதமாக நான் ஒரு மீனில் பொறாமைப்பட்டிருக்கிறேன். என் முகத்துக்கு நானே எரிச்சல்பட்டிருக்கிறேன். இதை எழுதுகிற இப்போதும் காதோரம் சூடாகிறது.

திலகா இந்தக் கதையை விடவில்லை. அவளால் எதையும் விட முடியாது. கலியாண வீட்டில் யாராவது நகையும் பட்டுமாக வந்து, மாப்பிள்ளை வீட்டோடு உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தால், என் காதுக்குள் வந்து, "மச்சாள், தேத்தாங்கொட்டை போட்ட தண்ணி போகுது" என்பாள். இப்போது குடும்பம் முழுக்க அப்படித்தான் சொல்கிறது. சுகம் கேட்கும்போது யாராவது "சுகமா இரிக்கன்" என்று அவசரமாகச் சொன்னால், "கொட்டை போட்டயா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நல்ல வேளை, காரணம் என்னவென்று குடும்பத்துச் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தக் குறையையும் ஆட்கள் கூடின இடத்தில் திலகா தீர்த்துவைப்பாள்.

லீவு எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். கையில் அள்ளின தண்ணீர் போகிற மாதிரித்தான். அவர் புதிதாக மீன் வாங்கவில்லை. வெள்ளச்சியைப் பார்த்துக்கொண்டு விறாந்தையில் இருப்பார். நான் ஆற்றங்கரைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். ஒருநாள், "ஒரு இடத்தில இரன் புள்ள" என்றார். இருந்தேன். அந்தப் பின்னேரத்தைப் பற்றி இன்னும் ஒரு வரி எழுத வரவில்லை.

போகிற அன்று மெயின் ரோட்டில் வானுக்குக் காத்து நின்றோம். சொல்வதற்கென்று இரண்டு நாளாக வரிகள் சேர்த்து வைத்திருந்தேன். கடலையும் ஆற்றையும் பிரிக்கும் மணலைப் பற்றி ஒன்று, நன்றாக வந்திருந்தது. வான் வந்தது. பையை ஏற்றினார். கதவுக்குக் கிட்டப் போய் நின்றேன். வாயைத் திறந்தேன்.

"பஞ்சக் கழுவ மாட்டன்" என்றேன்.

அவர் யன்னலால் தலையை நீட்டி, வான் ஓடத் தொடங்கும்போது சொன்னார்.

"கழுவினாலும் காரியமில்ல புள்ள. போன உன்ட பக்கம் திருப்பிப் பிடி."